இரண்டாவது சாட்சி

பழைய கிரயப் பத்திரம் கையில் கிடைத்தால் எல்லாரும் முதல் பக்கத்தைத்தான் படிப்பார்கள். விற்றது யார், வாங்கியது யார், தொகை எவ்வளவு. நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். தொழில் புத்தி. கூடுவாஞ்சேரிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதியே பிள்ளைகளை ஆளாக்கியவன் நான். கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இருப்பார்கள். முதல் சாட்சி பெரும்பாலும் விற்பவரின் பங்காளியாகவோ மைத்துனராகவோ இருப்பார். இரண்டாவது சாட்சியைக் கவனிக்க வேண்டும். விற்பவருக்கு உறவில்லை, வாங்குபவருக்கும் உறவில்லை. ஊர்கூட வேறாக இருக்கும். அடுத்த வாரம் பதிவான இன்னொரு பத்திரத்திலும் அதே ஆள், அதே சாய்ந்த கையெழுத்து. சில மாதம் கழித்து வேறொரு கிராமத்து நிலத்துக்கும் அவரே. அவர்தான் தரகர்.

நம் பக்கத்து நிலத் தரகுக்கு யாராவது வரலாறு எழுதப் போனால் அந்தக் கையெழுத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அந்தத் தொழிலுக்குப் பதிவேடு கிடையாது, சங்கத்துக் கணக்கு கிடையாது, ரசீது கிடையாது. பழைய பத்திரங்களில் ஒவ்வொருவர் பெயரோடும் தகப்பன் பெயர், ஊர், ஜீவனம் எல்லாம் எழுதுவோம். விவசாய ஜீவனம், வியாபார ஜீவனம், சர்க்கார் உத்தியோகம் என்று போகும். ‘தரகு ஜீவனம்’ என்று நான் எழுதியதில்லை; என் அப்பா எழுதிப் பார்த்ததும் இல்லை. வருடம் பூராவும் மனை காட்டியே சாப்பிட்டவர்கூடக் கேட்டால், “விவசாயம்னே போட்டுடுங்க” என்பார். அரைக் காணி நிலம் எங்கேயாவது அவருக்கு இருக்கும்; அதில் பயிர் வைத்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரயப் பத்திரத்துக்குச் சாட்சி வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்துக்கும் தானத்துக்கும் இரண்டு சாட்சி கேட்கிறது, விற்பனைக்குக் கேட்கவில்லை. ஆனாலும் சாட்சி இல்லாத கிரயத்தை எங்கள் பக்கம் யாரும் பத்திரமாகவே மதிக்க மாட்டார்கள். அது போக, சார்பதிவாளர் முன்னால் எழுதிக் கொடுப்பவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்ட இரண்டு பேர் வேண்டும். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு இங்கே முக்கியம். ஆள்மாறாட்டம் செய்தாலும், அதற்கு உடந்தையாக இருந்தாலும் ஏழு வருடம் வரை சிறை. முன்பின் தெரியாத விற்பனைக்காரரை “எனக்குத் தெரியும் சார்” என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்ட தரகர், அந்த ஏழு வருடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் போட்டார். உரிமம் என்று ஒன்று அவருக்கு இருந்தால் அந்தக் காலத்தில் அது இதுதான்.

அவர் ஏன் போட்டார்? பரோபகாரம் இல்லை. தரகுப் பணம் என்பது பதிவு நடக்கிற நாளில், பணம் எண்ணப்படுகிற இடத்தில் கைக்கு வந்தால்தான் உண்டு. மறுநாள் போய்க் கேட்டால், “நீ எங்கேப்பா காட்டினே, நாங்களே பேசி முடிச்சோம்” என்று சொல்லிவிடுவார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் முகவருக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனால் இரண்டு பர்சண்ட் கமிஷனுக்காகச் செங்கல்பட்டு கோர்ட்டுப் படி ஏறிய தரகரை நான் கண்டதில்லை. ஆகவே சாட்சியாக நின்றுவிட்டால் அவரைத் தவிர்த்துவிட்டுப் பதிவு நடக்காது. கையெழுத்துப் போடுகிறவரைப் பணம் எண்ணும்போது வெளியே போகச் சொல்லவும் முடியாது. வாங்குகிறவரிடம் ரெண்டு, விற்கிறவரிடம் ஒன்று என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வாடகை வீடாக இருந்தால் ஒரு மாத வாடகை. பேரம் படியாதபோது இந்தக் கணக்கும் படியாது, அது வேறு.

சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்பவருக்கு உரிமம் உண்டு. அவர் விற்கிற ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் எண், தேதி, வாங்கியவர் பெயர் எழுதி முத்திரை வைக்க வேண்டும். நோட்டரி வக்கீலுக்கு 1952ஆம் வருடச் சட்டம். டைப் அடிக்கிற பெண் லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழோடு வந்தவள். எல்.ஐ.சி. முகவருக்குக்கூட 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின்படி உரிமம். பருத்தி வியாபாரத்தை ஒழுங்குபடுத்தச் சென்னை மாகாணம் 1933இலேயே சட்டம் போட்டுவிட்டது; திருப்பூரில் 1936இல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. ரயில்வே ஸ்டேஷனில் பெட்டி தூக்குபவர் கையில் பித்தளை வில்லை கட்டியிருந்தார். ஒரு குடும்பம் ஆயுசு முழுவதும் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் எந்த மண்ணில் போடுவது என்று கை காட்டியவருக்கு மட்டும் எதுவும் இல்லை. 2017 வரை இல்லை.

எனக்கு உரிமம் வந்த கதையைச் சொல்கிறேன். தரகு எப்படி மாறியது என்பதும் அதோடு ஒட்டியது.

அப்பா பத்திரம் எழுதிய காலத்தில் எழுதத் தெரிந்தவர் எழுதலாம். கையெழுத்து முத்து முத்தாக இருக்க வேண்டும், நான்கெல்லை தப்பக் கூடாது, அவ்வளவுதான். கிராமங்களில் கணக்குப்பிள்ளையான கர்ணமே எழுதிவிடுவார். நிலத்தைப் பற்றிய அறிவு முழுவதும் கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. எந்தச் சர்வே எண்ணில் யார் அனுபவம், எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். நிலம் விற்க நினைப்பவர் முதலில் அவர் காதில்தான் போடுவார். தனியாகத் தரகர் தேவைப்படவில்லை, அல்லது கர்ணமே தரகர்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக வந்த உத்தியோகம் ஒரே நாளில் போயிற்று. பின்னால் தேர்வெழுதி வந்த வி.ஏ.ஓ.க்கள் வெளியூர்க்காரர்கள், பேரேட்டைப் பார்த்து நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள். பதவி போன கர்ணங்களோ பேரேடு இல்லாமலேயே நிலத்தைத் தெரிந்தவர்கள். எனக்குத் தெரிந்த சிலர் அடுத்த வருடமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனை காட்டக் கிளம்பிவிட்டார்கள். நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் நிலத்து ரகசியம் அரசு நாற்காலியில் இருந்து டீக்கடை பெஞ்சுக்கு இறங்கியது அப்போதுதான். அதே எண்பதுகளில்தான் யு.டி.ஆர். என்ற பெயரில் பட்டாக்களை மறுபடி எழுதினார்கள். உட்பிரிவுகள் மாறின, பல இடங்களில் பெயரும் தப்பாக ஏறியது. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று கேட்க ஆள் தேவைப்பட்டது. பழைய கர்ணத்துக்கு மவுசு கூடிவிட்டது.

1982இல் பத்திர எழுத்தர் உரிம விதிகள் வந்தன. அப்பா ஒதுங்கிக்கொண்டார். “இனிமே எழுதறதுக்கு சர்க்கார்கிட்ட பர்மிஷன் வாங்கற வயசில்ல எனக்கு” என்றார். நான் பதிவுச் சட்டத்தையும் முத்திரைச் சட்டத்தையும் உருப்போட்டுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். அதன்பிறகு நான் எழுதிய எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் கீழே என் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். முப்பது வருடம் கழித்து நான்கெல்லையில் தகராறு வந்தால் என்னைத் தேடி வரலாம், வந்தும் இருக்கிறார்கள். எழுதியவனுக்கு எண் உண்டு, காட்டியவனுக்கு இல்லை என்பதை அப்போதே கவனித்தேன். கிண்டலாகச் சொன்னால் ஒரு தரகர் பதில் சொன்னார்: “உங்களுக்கு நம்பர் குடுத்தது சர்க்கார். எனக்கு ஊரே நம்பர் குடுத்திருக்கு. ஒரு வாட்டி தப்பு பண்ணா ஊரே எடுத்துரும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தலைமுறைத் தரகர் எவரும் தரகர் மட்டுமாக இருந்ததில்லை. ஒருவர் பால் ஊற்றினார். ஒருவர் முடி திருத்தினார். தபால்காரர் இருந்தார், மின்வாரியத்து லைன்மேன் இருந்தார், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் நிறைய. வீட்டு வாசல் வரை தினமும் போகிறவர்கள். தப்பு செய்தால் தரகு மட்டும் போகாது, பாலும் போகும். இந்தக் கட்டுப்பாடு எந்த விதியைவிடவும் கடுமையாக வேலை செய்தது, ஆனால் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும்.

வட்டம் உடைந்ததற்கு நான் இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, ஜெராக்ஸ் மெஷின். சிரிக்க வேண்டாம். அதற்கு முன் தாய்ப் பத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் உரிமையாளர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். பீரோவில் இருந்து துணியில் சுற்றியதை எடுத்து வருவார். பார்ப்பவர் முகத்தை அவர் பார்ப்பார். தரகர் கூடவே உட்கார்ந்திருப்பார். எண்பதுகளின் கடைசியில் எங்கள் அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வந்ததும், பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் சேர்ந்து ‘ஒரு செட்டு’ ஆகிவிட்டது. செட்டு மஞ்சப்பையில் ஏறி ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. உரிமையாளரைக் கண்ணால் பார்க்காத ஆள், அவரைப் பார்த்த ஆளைத் தெரிந்த இன்னோர் ஆளிடம் செட்டு வாங்கி, தாம்பரத்தில் ஒரு பார்ட்டியிடம் நீட்டுவார். விற்கிற சைடில் மூன்று பேர், வாங்குகிற சைடில் மூன்று பேர் என்று தரகர் சங்கிலி நீண்டது. பதிவு நாளில் எங்கள் வாசலில் வாக்குவாதம் எல்லாம் நிலத்தைப் பற்றி இருக்காது. பங்கைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னொன்று, மனைப்பிரிவு. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் ஏரிப் பாசன நிலங்கள் கல் நட்டு மனைகளாயின. ஏக்கர், சென்ட் பேசியவர்கள் கிரவுண்டு, சதுர அடி பேசத் தொடங்கினார்கள். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வாங்கினால் ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’. அது வாங்காதவர்கள் சாலைக்கான இடத்தைத் தானப் பத்திரமாகப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒப்புதல் தர பஞ்சாயத்துக்கு அதிகாரமே கிடையாது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. விற்றவர்களுக்குத் தெரியும். எழுதிய எங்களுக்கும் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு வந்த பத்திரம் முத்திரை சரியாக இருந்தால் பதிவாகும். நிலம் வீடு கட்ட ஏற்றதா என்று பார்ப்பது அதன் வேலையாக அன்று கருதப்படவில்லை.

அந்தக் காலத்து விற்பனை தனி ரகம். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் இருந்து வேன். மத்தியானம் சாப்பாடு. அன்றே டோக்கன் போட்டால் ஒரு கிராம் தங்கக் காசு. பிறகு டி.வி. நடிகர்கள் வந்து கையை விரித்துப் பொட்டல் காட்டைக் காட்டினார்கள். விற்றவர்கள் தரகர் இல்லை, ‘மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’. பள்ளிக்கூட வாத்தியார், இன்சூரன்ஸ் ஏஜென்ட், கல்யாண மண்டப மேனேஜர் எல்லாரும் பகுதிநேரமாக இதைச் செய்தார்கள். அவர்களில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வரவில்லை. மனைப்பிரிவுக்காரர் ஆபீசில் இருந்து இரண்டு பையன்கள் வந்து எல்லாப் பத்திரத்துக்கும் போட்டுவிட்டுப் போவார்கள். ஆயிரம் ரூபாய் தரகுக்காக ஏழு வருடச் சிறையைத் தலைமேல் வாங்கிய பழைய ஆளுக்கும், மனையைக் காட்டியதோடு மறைந்துபோகிற இந்த ஆளுக்கும் பெயர் ஒன்றுதான்: புரோக்கர். கெட்ட பெயர் யார் சம்பாதித்தது, யார் சுமந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பவர் பத்திரத்தையும் சொல்லாமல் விட முடியாது. உரிமையாளரிடம் இருந்து பொது அதிகாரப் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டு, நிலத்தைத் தன் பெயருக்குக் கிரயம் வாங்காமலேயே மேலே விலை வைத்து விற்பது ஒரு வழி. இரண்டு முறை கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை ஒரு முறையோடு முடிந்தது. தரகர் இங்கே தரகராக இல்லை. முகவர் என்ற முகமூடி போட்ட வியாபாரி. ஒப்பந்தச் சட்டம் இதை 1872இலேயே எதிர்பார்த்திருக்கிறது. முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தனக்கென்று லாபம் பார்த்தால் அந்த லாபத்தைக் கேட்டு வாங்க முதலாளிக்கு உரிமை உண்டு என்கிறது 216ஆம் பிரிவு. கேட்டு வாங்கிய முதலாளி யார்? டெல்லிப் பக்கம் இதே வியாதி முற்றி, 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று அடித்துச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் வாசலில் பவர் எழுத வந்தவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள், கொஞ்சம் யோசித்தார்கள்.

உண்மையான அடி 2015க்கும் 2017க்கும் நடுவில் விழுந்தது. 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தை மாற்றினார்கள். டோக்கன் என்ற பழக்கத்தின் முதுகெலும்பே ரொக்கம்தான். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி, ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடுகிற சத்தம் நின்றுபோன மாதங்கள் அவை. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். 2017 மே மாதம் ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். ஜூலையில் ஜி.எஸ்.டி.; இந்த முறை ரோடு இல்லை, வரி. சங்கிலியில் கடைசிக் கண்ணியாக இருந்த அரைகுறைத் தரகர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட்டோ ஓட்டப் போனார்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள்.

அந்த நெருக்கடிக்குள் சத்தமில்லாமல் வந்ததுதான் தரகருக்கான பதிவு. நாடாளுமன்றம் 2016 மார்ச்சில் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே 1. தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூன் 22ஆம் தேதியிட்டவை. ஆணையம் எழும்பூரில், அந்தமான் நிகோபார் தீவுகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அந்தமானில் மனை காட்டுபவரும் கூடுவாஞ்சேரியில் மனை காட்டுபவரும் ஒரே கதவைத் தட்ட வேண்டும். ரியல் எஸ்டேட் முகவர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் நீளமானது. தரகர், இடைத்தரகர், சொத்து வியாபாரி, எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் சரி, எல்லாரும் அதில் அடக்கம். வரைந்தவருக்கு இந்தத் தொழிலின் மாறுவேடங்கள் தெரிந்திருக்கின்றன.

என் தங்கை மகன் இந்தத் தொழிலில் இருக்கிறான். சட்டம் வந்ததும் என்னிடம் ஓடி வந்தான்.

“மாமா, பரீட்சை எல்லாம் இருக்குமா? என்ன படிக்கணும்?”

விதிகளை வாங்கி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஆதார், பான் கார்டு, அலுவலக முகவரிக்குச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, குற்ற வழக்கு இருந்தால் அதன் விவரம். கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய், நிறுவனத்துக்கு 50,000. கொடுத்த பதிவு ஐந்து வருடம் செல்லும். தேர்வு? தேடிப் பார்த்தோம், இல்லை. எழுதுகிறவனுக்கு 1982இல் தேர்வு வைத்த மாநிலம், காட்டுகிறவனிடம் 2017இல் பான் கார்டு மட்டும் கேட்டது. வில்லங்கச் சான்றில் எந்த வருடத்தில் இருந்து பார்க்க வேண்டும், பட்டாவும் பத்திரமும் முரண்பட்டால் எது நிற்கும், நீர்நிலைப் புறம்போக்கை அ-பதிவேட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது, இதில் ஒன்றும் தெரியாமல் ஒருவர் பதிவு பெற்ற முகவர் ஆகிவிடலாம். அவனுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

அதற்காகச் சட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதிவு செய்த முகவர் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தில் மனை காட்டக் கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. பத்திரங்களை வாங்குபவர் பார்க்கக் கொடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் இறங்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். திட்டம் போடுகிற கட்டுமானக்காரர் தன் முகவர்கள் பெயரையும் முகவரியையும் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். முக்கியமானது: ஒவ்வொரு முகவருக்கும் ஓர் எண், தான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவர் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். இருபது வருடம் கழித்து யாராவது தேடினால், ‘விவசாய ஜீவனம்’ என்று ஒளிந்துகொள்ளாமல் தரகர் தரகராகவே கிடைப்பார்.

ஆனால் எந்த விற்பனையில்? 9ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் ஓட்டை தெரியும். ஆணையத்தில் பதிவான திட்டத்தில், கட்டுமானக்காரரே விற்கிற மனைக்கும் வீட்டுக்கும்தான் முகவர் பதிவு வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத இடம், எட்டு வீட்டுக்கு மேல் இல்லாத அடுக்ககம் திட்டப் பதிவுக்கே வராது. பென்ஷன் வாங்குகிற ஒருவர் தன் பழைய வீட்டை விற்பது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வந்த நிலத்தை விற்பது, வாடகைக்கு விடுவது எதுவும் இதில் சேராது. தரகு என்ற தொழில் நூறு வருடமாகச் செய்துவந்தது முழுக்க இந்தச் சேராத பக்கத்தில்தான் இருக்கிறது. ஏமாற்றம் அதிகம் நடந்தது கட்டுமானக்காரர் பக்கத்தில் என்பதால் சட்டம் அங்கே போய் நின்றது. அதில் நியாயம் உண்டு. ஆனால் ‘எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்’ என்று வலையை அகலமாக விரித்துவிட்டு, மீன் இருக்கிற குளத்தில் பாதிக்கு அதைப் போடவில்லை.

சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அங்கே 2010இல் தனிச் சட்டமும் முகவர் மன்றமும் வந்துவிட்டன. தேர்வு எழுதித் தேறினால்தான் பெயர் பதிவேட்டில் ஏறும். பொதுமக்கள் அந்தப் பெயரை ஆன்லைனில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே விற்பனையில் வாங்குகிற பக்கமும் விற்கிற பக்கமும் ஒரே முகவர் நிற்கக் கூடாது. வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. “பெரியப்பா, அங்க ரெண்டு சைடும் கமிஷன் வாங்குவாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அதைத் தப்பு என்று நினைக்கவே எங்களுக்குத் தோன்றியதில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக நின்று பேரம் முடிப்பவர்தான் எங்களுக்குத் தரகர். ஒரு பக்கம் மட்டும் பேசுகிறவர் வக்கீல். இதில் எது சரி என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. மகாராஷ்டிரம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று வைத்தது. அந்த விஷயத்தில் முடிவு இருக்கிறது: அதுதான் சரி.

தங்கை மகன் பதிவு வாங்கி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். நடைமுறையில் அவன் வருமானத்தில் பாதிக்கு மேல் பழைய வீட்டு விற்பனை. அதற்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. ஆனால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது பேங்க் மேனேஜர் எண்ணைப் பார்த்ததும் நாற்காலி காட்டுகிறார் என்கிறான். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 கடைசியில் திறந்ததில் இருந்து எங்கள் பக்கம் விலை பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது; அடுக்ககங்கள் எழும்புகின்றன, எல்லாவற்றுக்கும் காவல் வாசல்.

அந்தக் காவல் வாசல்தான் போன வருடம் ஒரு பழைய தரகரை என்னிடம் அனுப்பி வைத்தது. பால் ஊற்றிய வகையறா, எழுபதைத் தாண்டியவர். நான் எழுதிய பத்திரங்களில் இரண்டாவது சாட்சியாக அவர் கையெழுத்து ஏராளம்.

“கேட்ல நிக்கிற பையன் கார்டு கேக்கறான் சார். இந்த ஃப்ளாட்டு நிக்கிற நெலத்தையே கை மாத்தி விட்டவன் நானு. நம்ம பையன் வாங்கியிருக்கானே, அதுமாரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

கட்டணத்தைச் சொன்னேன். வருடத்துக்கு ஒரு வீடோ இரண்டு வீடோ முடிப்பவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவர் செய்கிற மறுவிற்பனைக்கு இந்தச் சட்டப்படி பதிவே தேவையில்லை என்றும் சொன்னேன். நிம்மதியாகிவிடுவார் என்று நினைத்தேன்.

“அப்ப நம்மள அதுல சேக்கவே இல்லையா?”

“சேக்கலை.”

அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறாராம். மாதிரியைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் காட்டினார். பெயருக்குக் கீழே ‘ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்’. அதற்குக் கீழே ‘பதிவு எண்’ என்று போட்டு அச்சகத்துப் பையனே இடம் விட்டிருந்தான். எண் இல்லாமல் அந்த வரி இருக்கக் கூடாது, எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, எடுத்துட்டு அங்க செல் நம்பரப் பெருசாப் போடச் சொல்றேன்” என்று கிளம்பினார்.